ஐநூறு படம் இருக்கு... அதுல உங்க படம் எது?

ஹார்டு டிஸ்க் 1 டிபி ஃபுல்! அலமாரியில டிவிடி வேற. 'நம்மகிட்ட இல்லாத படமே இல்ல'ன்னு ஹாஸ்டல்ல கெத்து காட்டுறீங்க. சரி பாஸ், அதுல நீங்க பார்த்தது எத்தனை?

ஒரு ஞாயித்துக்கிழமை உட்காருங்க. மூணே கேள்விதான்.

ரெண்டாவது தடவை பார்த்தீங்களா? ஃப்ரெண்டைப் பிடிச்சு உட்காரவெச்சு போட்டுக் காட்டினீங்களா? நாளைக்கே டிஸ்க் கிராஷ் ஆனா தேடிப் போய் வாங்குவீங்களா?

மூணுக்கும் 'இல்லை'ன்னா, தயங்காம டெலிட்!

பந்தாவுக்கு வெச்சிருக்கிற உலக சினிமாவுக்கும் இதே ரூல்தான். குரோசவாவோட 'ரஷோமான்' (1950) நிஜமாவே பிடிச்சிருந்தா இருக்கட்டும். தியேட்டர்ல சரியா போகாத 'அன்பே சிவம்' (2003) உங்களை அழவெச்சுதா? அது உங்க படம். யார்கிட்டயும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

'எல்லாம்தான் ஆன்லைன்ல இருக்கே'ன்னு மொத்தத்தையும் தூக்கிடாதீங்க. உரிமம் முடிஞ்சா அங்கேயிருந்தும் படம் காணாமப் போயிடும். மிஞ்சினதை இன்னொரு டிஸ்க்கிலயும் போட்டு வைங்க.

நான் நானூறை முப்பதாக்கினேன். மிஞ்சினதுல பாதி, அப்பாகூட உட்கார்ந்து பார்த்த படங்கள். மத்ததை அழிச்ச பிறகுதான் அதுவே தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன்.

நீங்க யாருக்குப் போடப் போறீங்க?