போட்டிப் பொருள் காப்புரிமைத் தேடல்

போட்டிப் பொருள் காப்புரிமைத் தேடல் என்பது, ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன், அதே வகைப் பொருளைச் செய்யும் பிறர் பெற்றுள்ள காப்புரிமைகளைத் தேடிப் படித்து ஆராய்வதாகும். பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் என ஒரே பொருளைப் பலரும் செய்யும் கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களில் இதன் பயன் பெரிது.

தேவை

விற்பனையில் உள்ள ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தால் அதன் அமைப்பு தெரியும். அதில் எந்தப் பகுதிக்கு யார் உரிமை பெற்றுள்ளார் என்பது தெரியாது. காப்புரிமைச் சட்டம், 1970-இன் படி, உரிமை மீறலை அறியாமல் செய்தவர் இழப்பீட்டிலிருந்து தப்பக்கூடும். ஆனால், விற்பனைக்குத் தடை விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. தடை வந்தால் பேட்டர்ன், அச்சு, இருப்பில் உள்ள சரக்கு ஆகியவற்றில் போட்ட முதல் முடங்கிவிடும்.

'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது. அது பெயருக்கான பாதுகாப்பே. கிரைண்டரின் உள்ளமைப்புக்குக் காப்புரிமை உண்டா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

தேடும் முறை

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் 'இன்பாஸ்' தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். போட்டி நிறுவனத்தின் பெயர், பொருளின் பெயர், பன்னாட்டு வகைப்பாட்டுக் குறியீடு ஆகிய மூன்று வழிகளிலும் தேடுவது நல்லது. மையவிலக்குப் பம்புகள் 'எஃப்04டி' என்ற குறியீட்டின் கீழ் வரும்.

கிடைக்கும் ஆவணத்தில் படத்தையும் தலைப்பையும் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உரிமையின் எல்லையைத் தீர்மானிப்பவை இறுதியில் எண்ணிட்டுத் தரப்படும் உரிமைக் கோரிக்கைகளே. அவற்றில் கூறப்பட்ட ஒவ்வொரு கூறும் தம் பொருளில் உள்ளதா என ஒப்பிட வேண்டும். பின்னர், காப்புரிமை நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் முடிந்தால் உரிமை முடிந்துவிடும். புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாவிட்டால் முன்பே காலாவதியாகும்.

எடுத்துக்காட்டு

ஒரே சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் எஞ்சினுக்கு பஜாஜ் ஆட்டோ 2002-இல் விண்ணப்பித்து, 195904 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றது. ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 2007-இல் 'ஃபிளேம்' மோட்டார் சைக்கிளை அறிவித்தபோது வழக்கு எழுந்தது. ஹோண்டாவின் பழைய அமெரிக்கக் காப்புரிமையிலேயே இத்தகைய அமைப்பு உள்ளது என்றும், தன் எஞ்சினில் வால்வுகள் மூன்று என்றும் டி.வி.எஸ். வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் தடை விதித்தது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கை முறையாக வைத்துக்கொண்டு விற்க அனுமதித்தது. இதற்கிடையில் ஃபிளேம் ஒற்றைப் பிளக்குடன் விற்பனைக்கு வர நேர்ந்தது. பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். சிறு பட்டறைக்கு அது இயலாது.

வரம்புகள்

விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகே வெளியிடப்படுகின்றன. எனவே, இன்று கிடைக்காத ஒன்று பின்னர் வெளிவரலாம். தேடலை இடைவெளி விட்டு மீண்டும் செய்ய வேண்டும். காப்புரிமை அந்தந்த நாட்டுக்கே உரியது என்பதால், ஏற்றுமதி செய்வோர் வாங்கும் நாட்டின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால், அச்சு வார்க்கும் முன்பே காப்புரிமை முகவரிடம் கருத்துக் கேட்பது செலவைக் குறைக்கும்.