மடிநோய்க்குக் கற்றாழை, காசநோய்க்கு?

மூலிகைச் சாறு ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாகுமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. எந்த நோய், எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம் என்று கேட்ட பிறகுதான் விடை பிறக்கும். மதுரை அருகே கப்பலூரைச் சுற்றிலும் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் கிடைக்கும் விடை ஒன்று. பக்கத்திலேயே தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் கிடைப்பது வேறொன்று.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் மடி வீங்கிக் கல்லாகும், பால் திரிந்து வரும். வழக்கமான வைத்தியம் ஆன்டிபயாட்டிக் ஊசியும் காம்புக்குள் ஏற்றும் மருந்தும்தான். சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பின் சில நாளும் அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. இரண்டு மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77இல் ஆன்டிபயாட்டிக் எச்சம் வரம்பை மீறியிருந்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இங்கேதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்திய முறை முக்கியமாகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, பாலை முழுக்கப் பீச்சிவிட்டு, விழுதைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளில் எட்டுப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதைப் பல மாநிலங்களின் பால் கூட்டுறவுகளுக்குக் கொண்டுபோய், பெரும்பாலான மாடுகள் குணமானதாகப் பதிவு செய்திருக்கிறது.

லேசான மடிநோய் பலமுறை தானாகவே ஆறிவிடுமே, விழுதுக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது ஊசிக்கும் பொருந்தும். தானாக ஆறக்கூடிய நோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்டு, கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கிக் கொடுப்பானேன்? விழுது வீக்கத்தை மட்டுமே தணிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஓர் ஊசி மிச்சமாகிறது.

இந்தத் தைரியத்தோடு மனித நுரையீரலுக்குப் போகக் கூடாது. ஆய்வுக்கூடத் தட்டில் மஞ்சள் சாறு கிருமியைக் கொல்வது உண்மை. வாயால் உட்கொண்ட மஞ்சளின் குர்குமினில் ரத்தத்தை எட்டுவதோ மிகமிகக் குறைவு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, மருந்து ஒழுங்காகச் சென்றால் சானடோரியத்தில் இருப்பவரும் எளிய வீட்டில் இருப்பவரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமாகிறார்கள் என்று காட்டியது. ஓய்வையும் ஊட்டத்தையும் விட மாத்திரைதான் அங்கே உயிரைக் காத்தது. அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை நம்புபவர் தன்னோடு வீட்டாரையும் ஆபத்தில் தள்ளுகிறார். இயற்கையானதற்குக் கிருமி பழகாது என்ற வாதமும் நிற்காது. மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் தென்கிழக்கு ஆசியாவில் மலேரியாக் கிருமி அந்த மருந்தைத் தாங்கப் பழகியிருந்தது.

தாவரங்கள் கற்றுத்தரும் உத்தி வேறு. நம் மரமஞ்சளிலும் உள்ள கிருமிக்கொல்லிப் பொருளான பெர்பெரின் தனியாக இருந்தால், மடிநோய்க்கும் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் அதை வெளியே தள்ளிவிடும். பெர்பெரினை உண்டாக்கும் பெர்பெரிஸ் செடிகளோ, அப்படித் தள்ளும் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்தே உண்டாக்குகின்றன என்று 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆன்டிபயாட்டிக்கை விரட்டுவதை விட, அதற்குத் துணை நிற்கும் பொருளைத் தேடுவதே பலன் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

பால் சொசைட்டிகள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மடி வீங்கிய முதல் நாளே விழுது, காய்ச்சல் கண்டு மாடு தீவனத்தை ஒதுக்கினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவர். கூடவே விழுது பூசிய மாடு, ஊசி போட்ட மாடு, பாலை மட்டும் பீச்சிவிட்ட மாடு ஆகிய மூன்றின் பாலையும் கிருமிப் பரிசோதனை செய்து, எது எந்த அளவுக்கு ஆற்றியது என்று பிரித்து எழுதிவைக்க வேண்டும்.