ஷெர்லி அட்டையும் அத்தையின் முகமும்

பொம்மிடியில் அத்தை வீட்டு பீரோவில் 1983இல் எடுத்த கல்யாண ஆல்பம் இருக்கிறது. மாமாவின் வெள்ளை வேட்டியில் மடிப்புகூடத் தெரியும். மாலையின் சம்பங்கியை எண்ணிவிடலாம். பக்கத்தில் நிற்கும் அத்தையின் முகம் மட்டும் இருட்டு. மூக்குத்தி மின்னுகிறது, கண்ணைக் காணோம். "நான் கருப்புடா, போட்டோவுல உழமாட்டேன்" என்பார் அத்தை. நாற்பது வருடமாக அப்படித்தான் நம்புகிறார்.

காரணம் அத்தையின் நிறமல்ல, பிலிம். கலர் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை வாங்க மூன்று அடுக்குகள் உண்டு. பிலிமைக் கழுவும்போது அவற்றில் மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் உருவாகும். எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு சாயம் என்பது ஆய்வுக்கூடத்தில் மனிதர்கள் எடுத்த முடிவு. யார் முகத்தை மனதில் வைத்து எடுத்தார்கள்? 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேபுகளுக்கு அனுப்பிய மாதிரிப் படம் அதற்குச் சாட்சி. முதலில் அதற்கு நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' ஆயிற்று. அவர் தோல் நிறம் சரியாக விழுந்தால் பிரிண்டும் சரி. கருத்த தோல் குறைந்த ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். பளீரென்ற வேட்டியோடு அது சேர்ந்து நின்றால், வேட்டிக்குப் பொருந்திய ஒளி அளவு முகத்துக்குப் போதாது.

அமெரிக்காவில் பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்களில் கருப்பினப் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்று பெற்றோர் முறையிட்டார்கள். பின்னால் கோடாக் பிலிமை மாற்றியதற்கோ வேறு காரணம் இருந்தது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் அதை எழுதினார்: சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்றவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் பிரிந்து தெரியவில்லை என்று கோடாக்கிடம் புகார் செய்தார்களாம். படித்தபோது வயிறு எரிந்தது. பிள்ளையின் முகத்துக்கு இல்லாத மரியாதை நாற்காலிக்கு!

நம் ஸ்டூடியோக்களில் பவுடர் டப்பாவை நீட்டினார்கள். முகத்தை மாற்றினார்களே தவிர விளக்கை நகர்த்தவில்லை. வெளிச்சத்தை யோசித்தவர் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. ஜன்னல் வழியே வரும் இயல்பான வெளிச்சத்தில் மாநிற முகங்களை அவர் காட்டிய விதத்தை 'வீடு' படத்தில் நடிகை அர்ச்சனாவிடம் பார்க்கலாம்.

பிலிம் போனாலும் பழக்கம் போகவில்லை. 2018இல் ஆய்வாளர்கள் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். கருத்த பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளுத்த ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை.

போன மாதம் அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்தேன். காலை வெயில் எதிர்ச்சுவரில் பட்டு முகத்தில் விழுந்தது. போனில் தானாக வெளுப்பாக்கும் வசதியை நிறுத்திவிட்டு, திரையில் அவர் கன்னத்தைத் தொட்டு வெளிச்சத்தை அதற்கு ஏற்றபடி வைத்து எடுத்தேன். அத்தை படத்தை விரலால் விரித்துத் தன் கண்ணையே கொஞ்சநேரம் பார்த்தார். "எங்கம்மா கண்ணுடா இது" என்றார்.