இடைவேளை மணி அடித்ததும் உங்கள் பிள்ளை எதை வாங்குகிறது?



நேற்று வகுப்பில் என்ன பாடம் நடந்தது, கணக்கில் எத்தனை புள்ளி கிடைத்தது என்றெல்லாம் பிள்ளையிடம் தவறாமல் விசாரிக்கிறீர்கள். இடைவேளையில் என்ன சாப்பிட்டாய் என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். தாய் விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டிப் போட்டுவிட்டு, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்து பறிக்க மலையேறுகிறாள். பெரியது ஒரு ரொட்டியையும் கொஞ்சம் சம்பலையும் சாப்பிட்டு, சீனி போட்ட ஒரு கோப்பை பிளேன்டியைக் குடித்துவிட்டுக் குளிரில் நடந்தே பாடசாலைக்குப் போகிறது. இடைவேளைக்குள் வயிறு காய்ந்துவிடும். கையில் இருப்பதோ கொஞ்சம் சில்லறை. சிற்றுண்டிச்சாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், சீனி பணிஸ், டொபி, கலர் கலரான சோடா. பிள்ளை எதை வாங்கும்? எது இருக்கிறதோ அதைத்தான் வாங்கும்.

"இது தோட்டத்துப் பிள்ளைகளின் கதை. நாங்கள் டவுனில் இருப்பவர்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பிள்ளைகளும் அதே கண்ணாடிப் பெட்டியின் முன்னால்தான் நிற்கிறார்கள். அந்தச் சிற்றுண்டிச்சாலைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு.

மூன்றில் ஒரு பிள்ளை

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின் கணக்கு இது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதற்கும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் சுமார் 32 பேர். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை!

இந்தக் குறையுடன்தான் அப்பிள்ளை முதலாம் ஆண்டில் வந்து உட்காருகிறது. பசியோடும் இரத்தச் சோகையோடும் இருக்கும் பிள்ளைக்குப் பாடத்தில் மனம் ஒன்றாது. "மந்தம்" என்று நாம் பட்டம் கட்டிவிடுகிறோம்.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது விரிவாக்கப்படுவதாக 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் போன பிள்ளை? அதுவும் பெண்பிள்ளை? உடம்பு விறுவிறுவென்று வளரும் வயது அது. பூப்பெய்தியபின் மாதந்தோறும் இரத்தமும் போகிறது. இரும்புச்சத்து அதிகம் வேண்டிய அந்த வயதில் அவளுக்கு எஞ்சியிருப்பது சிற்றுண்டிச்சாலை மட்டுமே. இன்று சத்தில்லாமல் வளரும் அவள்தான் நாளைக்கு எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். குறை அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

சட்டம் ஏற்கனவே இருக்கிறது

தோட்டப் பாடசாலைகள் ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் இருந்தன. 1977 முதல் அவை படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. ஆகவே கொழும்பிலுள்ள பெரிய கல்லூரிக்கு என்ன சட்டமோ, அதேதான் மலை உச்சியிலுள்ள பாடசாலைக்கும்.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை பற்றிக் கல்வி அமைச்சு 2007இலும் 2015இலும் சுற்றுநிருபங்கள் அனுப்பியிருக்கிறது. இனிப்புப் பானங்கள், டொபி வகைகள், எண்ணெயில் பொரித்தவை வேண்டாம். பழங்கள், அவித்த பயறு, கடலை, இலைக்கஞ்சி போன்றவை வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

அப்படியென்றால் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? காரணம் பணம்தான். பல இடங்களில் சிற்றுண்டிச்சாலை கேள்விப்பத்திரம் கோரிக் கூடிய தொகை தருபவருக்குக் கொடுக்கப்படுகிறது. அந்தப் பணத்தில்தான் பாடசாலைக்கு ஓட்டை மாற்றுவதும் மேசை கதிரை திருத்துவதும். கூடிய தொகை கட்டியவர் அதை எப்படி மீட்பார்? அவித்த பயறு மிஞ்சினால் மாலைக்குள் ஊசிப்போகும். டொபியும் சோடாவும் மாதக்கணக்கில் கெடாது, இலாபமும் கூட. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூடிய பணத்தைக் கேட்டது நாம்தானே!

சிவப்பு வட்டம் சொல்வது என்ன?

2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானங்களில் நிற அடையாளம் இடவேண்டும் என்று சட்டமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2க்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு அடையாளமுள்ள 200 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 22 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகமான சீனி இருக்கும். பிள்ளைக்கு இந்த நிறத்தை அடையாளம் காட்டிக் கொடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும்.

வீட்டிலும் ஒரு திருத்தம் வேண்டும். ரொட்டியோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும்போது, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் கொடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள், கொய்யாப்பழம் கொடுங்கள். அவை இரும்பை ஏற்க உதவும். ரொட்டி மாவில் கொஞ்சம் குரக்கன் மாவும் நறுக்கிய வல்லாரையும் சேர்த்துப் பிசையலாம். நோக்கோல், பீற்றூட், முள்ளங்கி இலைகளை வெட்டி எறிகிறோமே, அவையும் நல்ல கீரைதான்.

மற்ற ஊர்களில்

தமிழ்நாட்டில் 1950களில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டெம்பரில் காலை உணவும் தொடங்கியது. பிரேசில் நாட்டில் 2009இல் வந்த சட்டம், பாடசாலை உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்குக்காவது சிறு விவசாயிகளிடம் வாங்கவேண்டும் என்றது. நம் நிலை என்ன? நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. அந்த மண்ணில் பிறந்த பிள்ளை சோடா குடித்துப் பசியாறுகிறது!

நீங்கள் என்ன செய்யலாம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் அங்கத்தவர்களே. அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாமல் நாலைந்து தாய்மாராகச் சேர்ந்து போங்கள். மரியாதையோடு அதிபரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. சிற்றுண்டிச்சாலை பற்றிய சுற்றுநிருபத்தைக் கூட்டத்தில் வாசித்து, சுவரில் ஒட்டவேண்டும்.

2. சிற்றுண்டிச்சாலையைக் கொடுக்கும்போது யார் கூடப் பணம் தருகிறார் என்பதற்கு முன், யார் நல்ல உணவை நியாயமான விலையில் தருகிறார் என்று பார்க்கவேண்டும். வாடகையைக் குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை.

3. வாரத்தில் இரண்டு நாளாவது இலைக்கஞ்சி, அவித்த கடலை, ஒரு பழம். இந்தச் சிறு தொடக்கம் போதும்.

4. சுத்தமான குடிநீரும் கைகழுவச் சவர்க்காரமும் இருக்கவேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில்தான் சோடா விலைபோகிறது.

5. இரண்டு தாய்மாரும் ஓர் ஆசிரியையும் மாதம் ஒருமுறை சிற்றுண்டிச்சாலையைப் பார்வையிடவேண்டும். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைக்கலாம்.

பாடசாலைக்குக் கிடைக்கும் பணம் குறையுமே என்று ஒருவர் கட்டாயம் எழுந்து கேட்பார். நியாயமான கேள்விதான். அந்தக் குறையை நிரப்ப ஊரிலுள்ள வசதி படைத்தவர்களும் கடைக்காரர்களும் முன்வரட்டும். பிள்ளைகளின் சில்லறையால் கூரை போடும் நிலை நமக்கு வேண்டாம்.

இன்று மாலை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் புத்தகப்பையை இறக்குமுன் கேளுங்கள்: "மகளே, இடைவேளைக்கு என்ன சாப்பிட்டாய்?" அவள் சொல்லும் பதிலோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள்.