ஆரஞ்சுச் சாற்றில் ஒரு மருந்து!

ஹெராயின்!

அபினில் இருக்கும் மார்பினைக் கொண்டு செய்யப்படும் போதைப் பொருள் இது.

ஊசி போட்டுக்கொண்டதும் போதை ஏறும். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். பிறகு உடம்பெல்லாம் வலிக்கும். வியர்வை கொட்டும். வயிற்றைப் புரட்டும். மறுபடியும் ஊசி போட்டால்தான் அடங்கும்.

ஊசிக்குப் பணம் வேண்டுமே! அதற்காகத் திருடியவர்கள் பலர்.

1960-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இந்தக் கொடுமை தலைவிரித்து ஆடியது. பிடிபட்டவர்களைச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் பெரும்பாலோர் மீண்டும் ஊசியைத் தேடி ஓடினார்கள்.

3 டாக்டர்கள்

நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர், டாக்டர் வின்சென்ட் டோல். மேரி நிஸ்வாண்டர் என்ற மனநோய் டாக்டரை அவர் துணைக்கு அழைத்தார். மேரி ஜீன் கிரீக் என்ற இளம் பெண் டாக்டரும் சேர்ந்தார். 1964-ல் ஆராய்ச்சி தொடங்கியது.

முதலில் சிலருக்கு மார்பின் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. நோயாளிகள் அடுத்த ஊசி எப்போது என்று காத்துக் கிடந்தார்கள்.

பிறகு "மெதடோன்" கொடுத்தார்கள். ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட வலி மருந்து அது. ஊசி தேவை இல்லை. பழச்சாற்றில் கலந்து குடித்தால் போதும். ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும்.

அதிசய மாறுதல்!

நோயாளிகளின் தவிப்பு அடங்கியது. ஒருவர் படம் வரையத் தொடங்கினார். இன்னொருவர், விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடிக்கவேண்டும் என்றார்!

22 பேருக்கு வைத்தியம் செய்த விவரம் 1965-ல் வெளியாயிற்று. அதே ஆண்டில் டோலும் நிஸ்வாண்டரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

எதிர்ப்பு

போதைத் தடுப்பு அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. "இது சட்ட விரோதம்" என்று மிரட்டினார்கள். டோல் பணியவில்லை. வழக்குப் போட்டால் கோர்ட்டில் சந்திக்கத் தயார் என்று கூறிவிட்டார்.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?

இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. நீரிழிவு நோயாளி தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவரை யாரும் இன்சுலின் அடிமை என்று சொல்வதில்லை. சரியான அளவில் மெதடோன் சாப்பிடுகிறவருக்கு மயக்கம் இல்லை. அவர் வேலைக்குப் போகலாம்; குடும்பம் நடத்தலாம்.

ஆனால், இது விளையாட்டு மருந்து அல்ல. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். டாக்டரின் மேற்பார்வையில்தான் சாப்பிடவேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

பிரான்சில்

பின்னர் "புப்ரெனார்பின்" என்ற மருந்தும் வந்தது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. 1995 முதல் பிரான்சில் சாதாரண டாக்டர்களே இதை எழுதிக்கொடுத்தார்கள். ஹெராயினால் சாகிறவர்கள் தொகை சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தது.

நிஸ்வாண்டர் 1986-ல் இறந்தார். 2 ஆண்டு கழித்து, டோலுக்கு "லாஸ்கர்" பரிசு கிடைத்தது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

போதைக்கு அடிமையானவன் குற்றவாளி அல்ல, நோயாளி. அவனுக்குத் தேவை விலங்கு அல்ல, வைத்தியம்!