அந்த டுட்டுவில் பற்றிய தீ!

பாலே டான்ஸர் இடுப்பைச் சுற்றி அப்பளம் மாதிரி விரிந்து நிற்குமே... அதுதான் டுட்டு! 1832-ல் பாரீஸில் மேரி டாக்லியோனி கட்டி ஆடியது, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை தொங்கும் வெள்ளை மஸ்லின்.

மேடையிலோ கேஸ் விளக்குகள். தீப்பிடிக்காமலிருக்க, மருந்தில் முக்கிய துணியைக் கொடுத்தார்கள். டாக்லியோனியின் சிஷ்யை எம்மா லிவ்ரி கட்ட மறுத்துவிட்டார். துணி விறைக்குதாம், வெள்ளை மங்குதாம்! 1862 நவம்பரில் ஒத்திகை. பாவாடையை உதறியவர் மீது விளக்கிலிருந்து தீ குப்பென்று பற்றியது. எட்டு மாதம் போராடி இறந்தபோது வயது 20. நம்ம வயசுங்க!

அப்புறம், கால் வித்தை தெரியணுமே என்று பாவாடை ஏறிக்கொண்டே போனது. உள்ளே கம்பி வளையம் வைத்ததும் இன்றைய தட்டு ரெடி.

எம்மா உடுத்தியதில் கருகி மிஞ்சிய துண்டுகள் பாரீஸ் ஓபெரா மியூசியத்தில் இருக்கின்றன.