வட இத்தாலியின் கோடைப் பலகை

கோடை நண்பகலில் அடுப்பின் முன் நிற்க எவருக்கும் மனம் வருவதில்லை. வெயிலின் கொடுமையால் பசியும் மந்தமாகிவிடுகிறது. ஆயினும் உண்ணாதிருத்தல் இயலாது. இவ்விடர்ப்பாட்டிற்கு ஒவ்வொரு நாட்டினரும் தத்தமக்கு ஏற்ற வழி கண்டுள்ளனர். நம் நாட்டில் நீர் ஊற்றிய பழஞ்சோறும் மோரும் மாவடுவும் அவ்வழியாக அமைந்தன. வட இத்தாலியில், போ ஆற்றின் தெற்கே பரந்து கிடக்கும் எமிலியா என்னும் சமவெளியில், அது ஒரு மரப்பலகையின் வடிவம் கொண்டது. பாலாடைக்கட்டி, உப்பிட்டு உலர்த்திய பன்றியிறைச்சி, அன்று பறித்த பழம் ஆகிய மூன்றையும் ஒரு பலகைமேல் பரப்பி, நடுவில் வைத்துச் சுற்றியிருந்து உண்பது அந்நாட்டார் வழக்கம். அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை. அரிவதும் அடுக்குவதுமே வேலை.

இன்று இவ்வழக்கம் உலகெங்கும் பரவி, நம் பெருநகரங்களின் விருந்துகளிலும் இடம் பெற்றுவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்து அடுக்குவோர் பலர். அப்பொருள்கள் ஏன் ஒன்றுசேர்ந்தன என்பதை அறிந்து அடுக்குவோர் சிலரே. காரணம் அறியாமல் அடுக்கினால் சுவை கெடுவது மட்டுமன்று. வெப்பம் மிகுந்த நம் நாட்டில் உடல்நலமும் கெடக்கூடும். ஆதலின் அப்பலகை பிறந்த இடத்திற்கே சென்று அதன் இயல்பைக் காண்போம்.

கி.மு. 187-இல் உரோமானிய ஆட்சித்தலைவர் மார்க்கஸ் எமிலியஸ் லெப்பிடஸ் என்பார் ரிமினி நகரிலிருந்து பியாசென்சா வரை நெடுஞ்சாலையொன்று அமைத்தார். அவர் பெயரே சாலைக்கும், பின்னர் அந்நிலத்திற்கும் வழங்கலாயிற்று. பார்மா, ரெஜ்ஜோ, மோதெனா, போலோஞா ஆகிய நகரங்கள் அச்சாலையின்மீது மணி கோத்தாற்போல் அமைந்துள்ளன. வடக்கே ஆறு பாயும் ஈரமான புல்வெளி. தெற்கே அப்பென்னைன் மலைத்தொடர். புல்வெளி பசுவைப் பேணிற்று. மலையடிவாரத்துக் காற்று இறைச்சியை உலர்த்திற்று. இவ்விரண்டும் அருகருகே இருந்தமையே இப்பலகையின் தொடக்கம் எனலாம்.

முதற்கண் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்வோம். அவ்வட்டாரத்துப் பாலாடைக்கட்டிக்குப் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று பெயர். நாம் பார்மெசான் என்று கேள்விப்படுவதன் மூலம் இதுவே. இடைக்காலத்தில் அங்கிருந்த மடங்களின் துறவிகள் இதனைச் செய்து வந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ இயற்றிய டெக்காமெரான் என்னும் கதைநூலிலேயே, துருவிய பார்மாப் பாலாடைக்கட்டியாலான மலையொன்று பேசப்படுகிறது.

இதன் செய்முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. மாலையில் கறந்த பாலை இரவு முழுதும் அகன்ற தொட்டிகளில் வைத்து, மேலே படியும் ஆடையை எடுத்துவிடுகின்றனர். காலையில் கறந்த முழுப்பாலை அதனுடன் கலந்து, கவிழ்த்த மணி போன்ற செப்புக் கொப்பரையில் இடுகின்றனர். முந்திய நாளின் புளித்த தெளிநீரும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் என்னும் உறைபொருளும் சேர்ந்தவுடன் பால் சில நிமிடங்களில் திரள்கிறது. அத்திரளைக் கம்பிக்கூண்டு போன்ற கருவியால் அரிசிமணி அளவுக்கு உடைத்து, சுமார் 55 பாகை வெப்பத்திற்குச் சூடாக்குகின்றனர். குருணைகள் அடியில் படிந்து ஒரே கட்டியாகின்றன. அதனைத் துணியில் ஏந்தி எடுத்து, இரண்டாகப் பகுத்து, வட்ட அச்சிலிட்டு, பின்னர் இரண்டு மூன்று வாரம் உப்புநீரில் ஊறவைக்கின்றனர். அதன்பின் மரத்தட்டுகளில் ஏறி அமரும் வட்டு, குறைந்தது 12 மாதம் அங்கேயே இருத்தல் வேண்டும். இரண்டாண்டு இருப்பதே பெருவழக்கு.

சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் செலவாகிறது. ஓராண்டு முடிந்ததும் ஆய்வாளர் ஒருவர் சிறு சுத்தியலால் வட்டினை மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். உள்ளே விரிசலோ பொந்தோ இருப்பின் ஓசை மாறுபடும். குயவனிடம் பானை வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்குவது போன்றதே இதுவும். முதிர்ந்த கட்டியைப் பிளந்தால் வெண்ணிறப் புள்ளிகள் தென்படும். அவை உப்பும் அல்ல, பூஞ்சணமும் அல்ல. புரதம் சிதைந்து உண்டான டைரோசின் என்னும் பொருளின் படிகங்கள். முதிர்ச்சிக்கு அவை நற்சான்று.

பாலாடைக்கட்டி எடுத்தபின் கொப்பரையில் மிகுந்த தெளிநீர் நிற்கும். அதனை வீணாக்க உழவர்கள் விரும்பவில்லை. பன்றிகளுக்கு உணவாக வார்த்தனர். இன்றும் பார்மாப் பகுதியின் பன்றித் தொடைக்காக வளர்க்கப்படும் விலங்குகளின் தீவனத்தில் அத்தெளிநீருக்கு இடமுண்டு. பலகைமேல் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் அருகருகே அமைவது அழகுக்காக அன்று; ஒன்றின் எச்சமே மற்றொன்றின் தொடக்கம்.

பன்றித் தொடைக்குச் சேரும் பொருள் உப்பு ஒன்றே. உப்பிடுவதில் தேர்ந்த தொழிலாளி தோற்பகுதியில் ஈர உப்பையும், சதைப்பகுதியில் உலர்ந்த உப்பையும் தேய்க்கிறார். உப்பு மிகின் கரிக்கும், குறையின் அழுகும். பின்னர்ப் பல வாரங்கள் குளிர்ந்த அறையில் வைத்து, அதன்பின் நீண்ட சாளரங்களையுடைய மண்டபங்களில் தொங்கவிடுகின்றனர். லாங்கிரானோ என்னும் மலையடிவார ஊர் இத்தொழிலுக்குப் பேர்போனது. திறந்த சதைப்பகுதி காய்ந்து வெடிக்காதிருக்கக் கொழுப்பும் உப்பும் மிளகும் கலந்து பூசுவர். ஓராண்டுக்கு மேல் தொங்கிய தொடை தன் எடையில் நாலில் ஒரு பங்கையேனும் இழந்துவிடுகிறது. இறுதியில், குதிரை எலும்பாலான ஊசியைச் சில இடங்களில் குத்தி எடுத்து முகர்ந்து பார்க்கின்றனர். அவ்வெலும்பு நுண்துளைகள் உடையதாதலின் மணத்தை விரைவில் பற்றி, விரைவில் விடவும் செய்கிறது. குறையற்ற தொடைமீது ஐந்து முனைக் கிரீட முத்திரை சுடப்படுகிறது.

உப்பு செய்யும் வேலை யாது? சதையிலுள்ள நீரை அது வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்கிறது. நீர் கிட்டாத இடத்தில் நச்சுக் கிருமிகள் பெருக வழியில்லை. நம் நாட்டுக் கருவாடும் உப்புக்கண்டமும் நிலைப்பது இதே காரணத்தால்தான். ஆக, பலகையிலுள்ள கட்டி ஈராண்டுக்கு முந்திய பால்; இறைச்சி சென்ற ஆண்டின் உழைப்பு; பழம் ஒன்றே இன்றையது.

இத்தகைய சேமிப்பு அம்மக்களுக்கு வெறும் உணவன்று, அது செல்வம். முதிரும் பாலாடைக்கட்டியை ஈடாகக் கொண்டு கடன் தரும் வங்கியும் அங்கு உண்டு. 1953 முதல் அவ்வழக்கம் நடைபெற்று வருகிறது. வங்கியின் கிடங்கில் நகைக்கு மாறாக வட்டுகள் அடுக்கியிருக்கும். 2012-ஆம் ஆண்டு மே 20, 29 ஆகிய நாள்களில் எமிலியாவை நிலநடுக்கம் உலுக்கியது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிடங்குகளின் உயர்ந்த அடுக்குகள் சீட்டுக்கட்டுபோல் சரிந்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகள் சேதமுற்றன. விரிந்த வட்டு மேலும் முதிராது. விரைவில் விற்றாக வேண்டும். அப்போது மோதெனா நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மாஸ்ஸிமோ பொத்தூரா, அரிசியும் இப்பாலாடைக்கட்டியும் மிளகும் கொண்டு எவரும் எளிதில் சமைக்கத்தக்க உணவொன்றை வகுத்துப் பரப்பினார். நாடெங்கும் மக்கள் அதனைச் சமைத்துண்டு, சேதமுற்ற வட்டுகளை வாங்கி உதவினர். உண்பதும் ஒருவகை உதவியே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இனிப் பழத்திற்கு வருவோம். கோடையில் இப்பலகையின் முதற்பழம் முலாம்பழம். பன்றித் தொடையின் உப்பும் முலாம்பழத்தின் இனிப்பும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. மாங்காய்க் கீற்றுக்கும் கொய்யாத் துண்டுக்கும் உப்பிட்டு உண்ணும் நமக்கு இது விளங்காததன்று. பழைய மருத்துவ நூலோர் முலாம்பழத்தைக் குளிர்ச்சி மிக்கதென அஞ்சினர். 1471-இல் இறந்த போப்பாண்டவர் இரண்டாம் பால், முலாம்பழத்தை அளவுகடந்து உண்டதனால் மாண்டார் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். ஜூன் மாதத்தில் மோதெனாவை அடுத்த விஞோலாவின் செர்ரிப்பழம் வரும். கோடையின் பிற்பகுதியில் அத்தியும் திராட்சையும் வரும்.

பலகையை அமைக்கும் முறை இதுவாகும். ஆளொன்றுக்குப் பாலாடைக்கட்டி 50 கிராம், இறைச்சி அதே அளவு அல்லது குறைவாக, பழம் அதன் இருமடங்கு எனக் கணக்கிடுக. பழமே மிகுதியாக இருத்தல் கோடைக்கு ஏற்றது. மணமில்லாத மரத்தாலான பலகையை நன்கு கழுவி உலர்த்திக்கொள்க. முதிர்ந்த பாலாடைக்கட்டியைக் கத்தியால் மெல்லிதாக அரிதல் கூடாது. வாதுமைக் கொட்டை வடிவமுள்ள குட்டைக் கத்தியைக் குத்தி நெம்பினால், அது தன் இயல்பான வரிகளில் உடைந்து கட்டிகளாகும். அத்துண்டுகளை முதலில் வைத்து, அடுத்து இறைச்சியைத் தாள்போல் மெல்லிதாக அரிந்து, தட்டையாக அடுக்காமல் தளர மடித்து வைக்க வேண்டும். காற்று நுழைந்தால்தான் மணம் எழும். ஃபெலினோ என்னும் ஊரின் சலாமியைச் சரிவாக அரிவது மரபு. பழத்தைக் கடைசியில் வைக்க வேண்டும். அதன் சாறு இறைச்சியை நனைத்தல் ஆகாது. மோதெனாவில் 12 ஆண்டுக்குக் குறையாமல் முதிர்ந்த கருந்திராட்சைக் காடி இருப்பின், சில துளிகளைப் பாலாடைக்கட்டிமேல் விடுவர். உடன் உண்ணுவதற்கு அவ்வூரார் மாவைத் தேய்த்துப் பொரிக்கும் பண்டம், நம் பூரியைப் போலவே உப்பி எழும்.

நம் நாட்டு வெயிலுக்குச் சில எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலாடைக்கட்டியை இத்தாலியில் அரைமணி நேரத்திற்கு மேலும் வெளியே வைப்பர். இங்குக் கால்மணி நேரம் போதும். அரிந்த இறைச்சியும் அரிந்த பழமும் வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருத்தல் தகாது. ஆகையால் சிறு பலகையாக அமைத்து, தீர்ந்தபின் மீண்டும் நிரப்புக. பலரும் இறைச்சியையே ஐயுறுகின்றனர், பழத்தை மறந்துவிடுகின்றனர். 2011-இல் அமெரிக்காவில் கிருமி தொற்றிய முலாம்பழத்தால் 33 பேர் மாண்டனர். அப்பழத்தின் சொரசொரப்பான தோலில் கிருமிகள் ஒட்டியிருப்பின், கத்தி அவற்றைச் சதைக்குள் கொண்டுசெல்லும். எனவே அரியுமுன் தோலை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதல் கட்டாயம். கருவுற்ற பெண்டிர் சமைக்காத உப்பிறைச்சியைத் தவிர்ப்பது நன்று. பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் உண்பதும் நன்றன்று. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வுக்கழகம் 2015-இல் அதனைப் புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் சேர்த்தது. விருந்தில் சில மடிப்புகள் என்பதே உரிய அளவு.

மரக்கறி உணவினர் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். இறைச்சியை நீக்கிவிட்டால் பலகை மரக்கறியாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. இத்தாலியின் உண்மையான பார்மிஜானோவில் கன்றின் ரென்னெட் உண்டு என்பதை முன்னரே கண்டோம். நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற உறைபொருளால் செய்த கட்டிகளும் கிடைக்கின்றன. உறையின்மேல் பச்சைப் புள்ளி உள்ளதா என்று பார்த்து வாங்குக. விருந்தளிப்பவர் இதனைத் தாமே கேட்டறிந்து விருந்தினருக்குச் சொல்லிவிடுதல் பண்பாடு.

எமிலியாவின் பலகையில் எமிலியாவின் பொருள்களே உள்ளன. அதன் தோற்றத்தை மட்டும் பார்த்துப் படியெடுப்பது பயனற்றது; அதன் முறையைக் கற்பதே பயனுடையது. நெடுநாள் காத்து முதிர்ந்தது ஒன்று, உப்பால் காக்கப்பட்டது ஒன்று, அன்றே கனிந்தது ஒன்று என மூன்றையும் அளவறிந்து சேர்ப்பதே அம்முறை. விருந்துக்கு அமரும் எவரும் ஐயமின்றி உண்ணத்தக்கதாக அமைந்தால்தான் அப்பலகை விருந்து என்னும் பெயருக்குத் தகும்.